பாத்து ஆன்ட்டி

நாலாம் வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போகிறோம், கூட வர இரண்டு பெற்றோர் வேண்டும் என்று என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து சர்க்குலர் வந்தது. நான் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைப் பைக்குள் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“நீ வரலாம் மம்மீ. ஆனா ஒரு கண்டிஷன். பஸ் ஏறினதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு தமிழ் வார்த்தை வரக்கூடாது. வந்துச்சு, அப்புறம் ஆனுவல் டேக்கும் நீ வரக்கூடாது, எதுக்கும் வரக்கூடாது.”

இதை அவள் சொன்னது தெலுங்கில். நான்தான் தமிழில் எழுதுகிறேன். அவள் எல்லாவற்றையும் தெலுங்கில்தான் சொல்வாள், கோபம் வந்தால் ஹிந்தி. நானும் அவள் அப்பாவும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் புரியும். ஆனால் வாயைத் திறந்து பதில் மட்டும் தமிழில் வராது. “இன்னொரு தோசை போடட்டாடி?” என்றால் “நக்கோ”, வேண்டாமாம். “தலைக்கு எண்ணெய் வச்சுக்கோ” என்றால் “கைக்கு?” ஏன் என்று கேட்பதற்கு ஹைதராபாத்தில் கைக்கு. ஒரு நாளைக்கு ஐம்பது கைக்கு கேட்கிறேன் நான்.

எங்கள் தாத்தா விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக இங்கே வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் ரயில்வே காலனியில், இப்போது இருப்பது லோத்குண்டாவில். என் தமிழே ஒரு கிச்சடிதான். விழுப்புரத்துச் சித்தி மகள் போனில் பேசும்போது நடுவிலே நிறுத்தி, “இது என்னா பாஷைக்கா?” என்று கேட்பாள். இருக்கட்டுமே! அழுதாலும் அடித்துக்கொண்டாலும் எனக்கு வருவது அதுதான். பெற்ற பிள்ளை அதை வேண்டாம் என்று தள்ளிவிடும்போது எனக்கு வலிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் அவள் கண்டிஷன் போட்டதிலும் நியாயம் இருந்தது. போன வருஷம் ஸ்போர்ட்ஸ் டே. ஓட்டப்பந்தயத்தில் என் மகள் முதலில் வந்துகொண்டிருந்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் ஆட்டி, “ஓடு! ஓடுடி! ஓடு!” என்று கத்தினேன். நான் வேலை பார்ப்பது அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கோச்சிங் சென்டரில், ரிசப்ஷனில். நாள் முழுக்க நூறு பேருக்கு நடுவே கத்திக் கத்தித் தேறின தொண்டை. மைதானத்துக் கடைசி வரைக்கும் கேட்டது.

தெலுங்கில் ஓடு என்றால் தோற்றுப்போ.

பெற்ற தாயே எழுந்து நின்று, முதலில் வருகிற பெண்ணைப் பார்த்துத் தோற்றுப்போ தோற்றுப்போ என்று கத்தியதைக் கண்டு மைதானமே சிரித்தது. என்ன சிரிப்பு என்று என் மகள் திரும்பிப் பார்த்தாள். பார்த்த நேரத்தில் மூன்று பேர் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் நான் ‘ஓடு ஆன்ட்டி’. பேர் வைத்தது அவளுடைய உயிர்த்தோழி, கண்ணாடி போட்ட ஒரு வாண்டு. ஒரு வருஷமாக அந்தப் பேரை என் மகள்தான் சுமக்கிறாள்.

அதனால், “மாதா மேல சத்தியமா பேச மாட்டேன்டி” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு லீவு போட்டேன்.

பஸ் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து கிளம்பியது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு கிளாஸ் டீச்சர், நான். வருவதாகச் சொன்ன இன்னொரு பெற்றோருக்குக் காலையில் திடீரென்று காய்ச்சல். நல்ல புத்திசாலி. ஷாமீர்பேட் தாண்டுவதற்குள் இரண்டு பேர் வாந்தி, ஒருத்தனுக்கு மூக்கில் ரத்தம், ஒருத்தி தண்ணீர்ப் பாட்டில் மூடியை ஜன்னல் வழியாக விட்டுவிட்டு அழுகை. எல்லாவற்றையும் தெலுங்கிலேயே சமாளித்தேன். எனக்குத் தெலுங்கு வராமல் இல்லை, தண்ணீராக வரும். ஆனால் ‘ஐயோ’ வரும் இடத்தில் தெலுங்கு ‘அம்மோ’ என்று மாற்றிச் சொல்வதற்குள் முதுகில் வியர்த்தது. முன் சீட்டிலிருந்து என் மகள் அடிக்கடி திரும்பி என் வாயைப் பார்த்தாள்.

ஏரிக்கரை ஓரத்தில் இயற்கை மையம் என்று ஒரு சின்னக் கட்டிடம். சுவர் முழுக்கப் பறவைப் படங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் காலியான ஒரு கூடு, பாம்புச் சட்டை. எங்களைச் சுற்றிக் காட்ட வந்தது தொப்பி போட்ட ஓர் இளம் பெண். கழுத்தில் பைனாகுலர், கையில் கோடு போட்ட தடித்த நோட்டு. என்னைப் பார்த்துச் சிரித்து, “மேடம், பைத்தான்?” என்று மலைப்பாம்புப் படத்தைக் காட்டினாள். “மார்னிங் பேட்ச்சா, ஈவினிங் பேட்ச்சா?” என்றேன். பழக்கதோஷம்! எங்கள் சென்டரில் பைத்தான் என்றால் கம்ப்யூட்டர் கோர்ஸ். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நல்லவேளை, அதில் தமிழ் இல்லை.

வழிகாட்டிப் பெண் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு படத்தைக் காட்டினாள். புள்ளி போட்ட உடம்பு, கறுப்பு அலகு, அலகு நுனியில் மட்டும் மஞ்சள். வாத்து. இந்த ஏரிக்கு முன்பெல்லாம் நிறைய வருமாம். இந்தக் குளிர்காலத்தில் அவள் தினமும் பார்க்கிறாள், இன்னும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம். “இன்னிக்கு யார் முதல்ல பாக்கறாங்களோ, அவங்களுக்கு என் பைனாகுலர். வீட்டுக்குப் போற வரைக்கும் அவங்க கழுத்துலதான்” என்று தெலுங்கில் சொன்னாள். அவ்வளவுதான், பிள்ளைகளுக்கு வெறி பிடித்துவிட்டது.

தெலுங்கில் வாத்துக்குப் பாத்து என்று பேர். ‘பா’வை மட்டும் நாம் ‘பாபு’ என்று கூப்பிடும்போது சொல்கிற மாதிரி கொஞ்சம் அடித்துச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வார்த்தை. தெரிந்து என்ன பிரயோசனம்?

கரைமேல் வரிசையாக நடந்தோம். காகம் பறந்தால் “பாத்து!” நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு கறுப்பாக ஏதோ நீந்தினால் “பாத்து!” குட்டியாக ஒன்று தண்ணீரில் முழுகி வேறு இடத்தில் எழுந்தால் பத்துப் பேர் “பாத்து! பாத்து!” ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் பொறுமையாக, அது முக்குளிப்பான், அது நாமக்கோழி, அது வாத்து இல்லை என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். வெள்ளைக் கொக்குகள் ஓர் ஓரமாக நின்று, இந்தக் கூத்து எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஏரியில் தண்ணீர் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடி மண், மேலே வெடித்துக் காய்ந்து கிடந்தது. பார்த்தால் தரை. காலை வைத்தால்தான் அடியில் சேறு. அந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடு. (ஓடு! மனசுக்குள் நினைக்கவே பயமாக இருந்தது.) என் மகள் ஒன்றைப் பொறுக்குவதற்காகக் கரையிலிருந்து இறங்கினாள். முதல் அடி நின்றது. இரண்டாம் அடியில் ஷூ உள்ளே போனது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

தெலுங்கில் ‘ஜாக்ரத்த’ என்று ஓர் அழகான வார்த்தை இருக்கிறது. அது வாய்க்கு வந்து சேர்வதற்குள், வயிற்றிலிருந்து வேறொன்று நேராகக் கிளம்பி வந்துவிட்டது.

“பாத்து! பாத்து! பாத்து!”

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த நொடி முப்பத்தேழு பிள்ளைகளும் “பாத்து! பாத்து! எக்கட? எக்கட?” என்று வாத்தைத் தேடிக் கத்திக்கொண்டு கரையிலிருந்து கீழே பாய்ந்தார்கள். டீச்சர் விசிலை ஊதினார். யார் கேட்டது? கணுக்கால் வரைக்கும் சேறு, சிலதுக்கு முழங்கால். கொக்கு மொத்தமும் எழும்பிப் பறந்துபோனது. ஒருத்தியைச் சேற்றில் இறங்க விடாமல் தடுக்கக் கத்தி, ஊர்ப்பட்ட பிள்ளைகளைச் சேற்றில் இறக்கிவிட்டேன். என் மகளுக்கு ஒன்றுமில்லை. ஒற்றை ஷூவோடு நேராக நின்று என்னையே பார்த்தாள். அவ்வளவு கூட்டத்தில் நான் என்ன சொன்னேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

வழிகாட்டிப் பெண் என்னிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. “எங்க மேடம்? எங்க பாத்தீங்க?”

எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். சேற்றில் நின்றபடி என் மகளும் பார்க்கிறாள். நான் ஏரியின் அந்தப் பக்கத்தைக் காட்டி, பறந்துபோய்விட்டது என்று தெலுங்கில் சொன்னேன்.

“எத்தனை?”

“ரெண்டு.”

“அலகு நுனி?”

“மஞ்சள்” என்றேன். சுவரில் படம் பார்த்தேனே!

அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரி “ஆன்ட்டி சூப்பர்!” என்றாள். என் மகளைப் பார்த்தேன். அவள் யாருக்கும் தெரியாமல் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள். ஒரு சிரிப்பு வேறு. ரகசியம் தப்பித்தது, கண்டிஷன் தப்பித்தது, ஆனுவல் டே தப்பித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அன்றைக்கு நான் ராணி.

ஆனால் அந்தப் பெண் நோட்டைத் திறந்தாள். பையில் தேடிச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். “இந்த நோட்டை வச்சுத்தான் மேடம் எந்தப் பறவை வந்துச்சு, எது வரலன்னு சொல்லுவோம். இதை எழுதத்தான் ரெண்டு மாசமா காத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக அழகாக எழுத ஆரம்பித்தாள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் வாய் எத்தனையோ வம்பு பேசும், ஆனால் இல்லாத வாத்தை இன்னொருத்தி ஆசையாகச் சிவப்பு மையில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

“எழுதாதீங்க” என்று தெலுங்கில் சொன்னேன். “நான் வாத்து பார்க்கல. என் பொண்ணைப் பார்த்து, ஜாக்ரத்தன்னு சொன்னேன். தமிழ்ல அதுக்குப் பாத்துன்னு சொல்வோம்.”

பேனா நின்றது. டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கிளம்பியது, கிளம்பினது நிற்கவே இல்லை. வழிகாட்டிப் பெண் சிவப்பு எழுத்தை ஒரே கோடாக அடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடிக்காரி முழங்கால் சேற்றோடு எழுந்து நின்று அறிவித்தாள், “இனிமே ஓடு ஆன்ட்டி இல்ல! பாத்து ஆன்ட்டி!”

எல்லாரும் சிரிக்கிறார்கள், என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. கரை ஏறி, ஒற்றை ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நான் கிட்டே போனபோது நகர்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் பைனாகுலரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

குழாயடியில் முப்பத்தெட்டு ஜோடிக் கால்களைக் கழுவினோம். சேற்று சாக்ஸை எல்லாம் ஒரு சாக்குப் பைக்குள் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார் டீச்சர். தண்டனை என்று அவர் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது.

மரத்தடியில் சாப்பாடு. என் மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கென்றே எலுமிச்சம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியிருந்தேன். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சரி, ஆனுவல் டே போச்சு, எல்லாம் போச்சு, இனி பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியேதான் என்று உட்கார்ந்திருந்தேன். ஆனால் மற்ற வாண்டுகள் விடுமா? டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டன.

“ஆன்ட்டி, கொங்கக்குத் தமிழ்ல என்ன?”

“கொக்கு.”

“நத்த?”

“நத்தை.”

“அரே, சேம்!”

“கப்ப?”

“தவளை.”

“தவலை” என்றாள் கண்ணாடிக்காரி.

“ள” என்று ஒரு குரல். என் மகள்தான். திரும்பவில்லை, டிபன் பாக்ஸைப் பார்த்தபடியே சொன்னாள். கண்ணாடிக்காரி “தவளை” என்று திருத்திச் சொன்னாள். நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

திரும்பும்போது பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு கிடைத்திருந்தது. ஒரு கல் இருந்தால் “பாத்து! பாத்து!” ஒரு முள் இருந்தால் “பாத்து!” ஆகாயத்தில் என்ன பறந்தாலும் “பாத்து!” எது கவனம், எது வாத்து என்று எனக்கே குழம்பிப்போனது. என் மகள் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பஸ் நின்ற இடத்துக்கு முன்னால், மதகுப் பக்கம் ஒரு வாய்க்கால். அதன்மேல் ஒற்றைப் பலகை. டீச்சர் ஒவ்வொருவராகக் கை பிடித்துத் தாண்ட வைத்தார். எல்லாரும் அந்தப் பக்கம் போய் நின்றாயிற்று. கடைசியாக நான். ஒரு தோளில் ஹேண்ட்பேக், ஒரு கையில் சாக்ஸ் மூட்டை, காலில் லோத்குண்டா மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற வழுக்குச் செருப்பு. பலகையில் பாதி தூரம் வந்துவிட்டேன்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல். அமீர்பேட் வரைக்கும் கேட்டிருக்கும், என் தொண்டை அப்படியே இருந்தது அதில்.

“அம்மா! பாத்து!”

நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

என்ன செய்ய? என் மகள் நாலு பேர் முன்னால் தமிழ் பேசுவாள் என்று காத்திருக்கிற காது எனக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது. வாத்துதான் வந்துவிட்டது என்று நினைத்து, அண்ணாந்து, “எங்கடி? எங்க?” என்று ஒரு சுற்றுச் சுற்றினேன். பலகை எழும்பியது. நான், ஹேண்ட்பேக், முப்பத்தெட்டு ஜோடி சாக்ஸ் எல்லாமாக வாய்க்காலில் உட்கார்ந்தோம். இடுப்பு வரைக்கும் சேறு.

அவள் டீச்சர் கையை உதறிவிட்டு ஓடி வந்து கரையில் மண்டி போட்டாள். முகத்தில் பயம், அழுகை, கோபம் எல்லாம் ஒன்றாக இருந்தது. பின்னால் வகுப்பு முழுக்க நின்று பார்க்கிறது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

“வாத்து இல்லம்மா! பாத்து! பாத்து வாம்மான்னு சொன்னேன்!”

முழுசாக ஒரு வாக்கியம். ‘ம்மா’ இரண்டு தடவை. என் முகத்தில் வழிந்தது வாய்க்கால் தண்ணீர்தான் என்று டீச்சர் நினைத்திருப்பார், நினைக்கட்டும். சேற்றில் உட்கார்ந்தபடியே, “இன்னொரு தடவை சொல்லுடி” என்றேன்.

“கைக்கு?” என்றாள். சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.